நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்

கடன் விண்ணப்பத்தில் "குடும்பத்தின் ஆண்டு வருமானம்" என்று ஒரு கட்டம் உண்டு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குப்பை கொட்டிய இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் பார்த்த தொகைகளை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், இந்தப் பக்கத்துக் கிராமக் குடும்பங்களின் வருமானம் எப்போதும் அரசாங்க உச்சவரம்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றிருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். வரம்பை உயர்த்தினால் வருமானமும் மறுநாளே உயரும். அதே ஆள் டிராக்டர் கடனுக்கு வந்தால் அதே வருமானம் நாலு மடங்கு. லேக்பால் (நம்மூர் விஏஓ மாதிரி) அறிக்கை, தெஹ்ஸீல் முத்திரை எல்லாம் பக்காவாக இருக்கும்.

பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட மனசு வராது. உள்ளதை உள்ளபடி சொல்ல ஆசைப்பட்டாலும், நாலைந்து பீகா நிலமும் ஒரு எருமையும் வைத்திருப்பவருக்குத் தன் வருமானம் எவ்வளவு என்று தெரியாது. மாசாமாசம் சம்பளச் சீட்டு வாங்கும் நமக்குத்தான் வருமானம் என்பது பையில் இருக்கிற பொருள், கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று ஒரு நினைப்பு.

இந்தச் சங்கடத்துக்கு இப்போது விலை கூடிவிட்டது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் கணக்கு முழுக்க அந்த ஒரு கட்டத்தின்மேல் நிற்கிறது. கூட்டி எழுதினால் தாங்க முடியாத தவணையைத் தலையில் கட்டுகிறோம்; குறைத்து எழுதினால் சாஹுகாரிடம் அனுப்பி வைக்கிறோம்.

சரி, ஒரு மாவட்டத்தில் நடுவாந்தரமான கிராமக் குடும்பம் என்ன சம்பாதிக்கிறது, ஐம்பது வருடம் முன்னால் என்ன சம்பாதித்தது என்று யாராவது ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கிறார்களா? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டுதான் நாலைந்து மாதமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நடுவாந்தரம் என்று நான் சொல்வது சராசரியை அல்ல. பி.காம் புள்ளியியல் தாளில் படித்த இடைநிலை, அதாவது மீடியன். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிற்க வைத்து நட்ட நடுவில் நிற்பவரைக் கேட்பது. ஊரில் ஒரு செங்கல் சூளை முதலாளி குடியேறினால் சராசரி எகிறும். நடுவில் நிற்பவர் அசையமாட்டார்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் இடைப்பட்ட சைஸ்) இந்த எண் வருடாவருடம் வந்துவிடுகிறது. அங்கேயும் சுலபத்தில் வரவில்லை. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாக வருமானம் கேட்டார்கள். சார்லஸ் டோபி என்ற செனட்டர், வீட்டு விவகாரத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கிறது என்று பெரிய எதிர்ப்பே கிளப்பினார். அப்போதும் கேட்டது கூலியும் சம்பளமும் மட்டும். மற்றபடி 50 டாலருக்குக் குறையாமல் வேறு வருமானம் உண்டா, இல்லையா, அவ்வளவுதான். விவசாயியின் மொத்தப் பிழைப்பும் அந்த "உண்டு" என்ற ஒற்றை வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. 1950ல்தான் முழு வருமானத்தையும் கேட்டார்கள், அதுவும் ஒரு பகுதியினரிடம். 2000க்குப் பிறகு அந்த நீண்ட படிவத்தையே கைவிட்டு, வருடம் முழுக்க ஓடும் ஒரு மாதிரிக் கணக்கெடுப்புக்கு மாறினார்கள். சின்னக் கவுண்டி என்றால் ஐந்து வருட விடைகளைச் சேர்த்தால்தான் ஒரு எண் தேறும். டெக்சஸில் லவிங் கவுண்டியில் 2020 கணக்குப்படி மொத்தமே 64 பேர். அங்கே நடுக் குடும்பத்தைத் தேடுவது, நம் தெருவில் ஒரு வரிசை வீடுகளை வைத்துத் தேசிய வருமானம் போடுகிற மாதிரி. இந்தக் குறையைச் சரிக்கட்ட வருமான வரிக் கணக்குகளையும் உணவு உதவிப் பதிவுகளையும் சேர்த்து ஒரு மாதிரி மதிப்பீடும் 1990களிலிருந்து போடுகிறார்கள்.

வரிக் கணக்கு என்றதுமே நம் வண்டி நின்றுவிடும். விவசாய வருமானத்துக்கு 1886 சட்டத்திலிருந்தே வரி விலக்கு. வரி இல்லை, ஆகவே கோப்பும் இல்லை.

கோப்பு இல்லாமல் முதலில் கணக்குப் போட்டவர் தாதாபாய் நௌரோஜி. 1870களில் மாகாணம் மாகாணமாக விளைச்சலை எடுத்து, விலையால் பெருக்கி, தலைகளால் வகுத்து, இந்தியனின் ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்றார். அதோடு விடவில்லை. சிறைக் கைதிக்கு அரசாங்கமே செலவழிக்கும் தொகையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சுதந்திரமாகத் திரியும் குடியானவனைவிடக் கைதி வசதியாக இருந்தான். 1901ல் கர்சன் பிரபு, இல்லை, 30 ரூபாய் என்றார். இரண்டுமே சராசரி. ராஜாவையும் ஜமீன்தாரையும் சேர்த்து வகுத்த தொகை என்பதால் ஏழைக்கு அந்த 20ம் கிடையாது என்று நௌரோஜியே வாதாடினார்.

சராசரியை விட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களில் ஹரால்ட் மான் முக்கியமானவர். புனே விவசாயக் கல்லூரி முதல்வர். பக்கத்தில் இருந்த பிம்ப்ளே சௌதாகர் கிராமத்தை அலசி 1917ல் புத்தகமாகப் போட்டார். (இன்று அந்த இடம் ஐடி மக்களின் அடுக்குமாடிக் காடு. நம்மாட்கள் பலர் அங்கே ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!) 1771ல் சராசரியாக 40 ஏக்கராக இருந்த ஒரு பட்டாதாரரின் நிலம், மான் போனபோது 7 ஏக்கர். குடும்பங்கள் 103. நிலத்தை மட்டும் நம்பிச் சமாளித்தவை 8. வெளியே வேலைக்குப் போய்ச் சமாளித்தவை 28. எப்படியும் வரவுக்குள் செலவு அடங்காதவை 67.

மீடியன் என்ற வார்த்தையை அவர் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் கணக்கை நீங்களே முடிக்கலாம். 103 குடும்பங்களில் நடுவில் நிற்பது 52வது. கீழிருந்து எண்ணினால் 67 வரை கடனில் முழுகியவர்கள். அதாவது நடுக் குடும்பமே தண்ணீருக்கு அடியில். சராசரி ரூபாய் கணக்கு எதுவும் இவ்வளவு பளிச்சென்று இதைச் சொல்லியிருக்காது. (நம் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் மாணவர்களை வைத்து இருவேல்பட்டு முதலான கிராமங்களை ஆராய்ந்தது இதே காலம். அது தனியாக எழுத வேண்டிய கதை.)

சுதந்திரத்துக்குப் பிறகு மஹலனோபிஸ் முயற்சியில் 1950ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வந்தது. அதில் கேட்டது செலவு: எவ்வளவு கோதுமை, எவ்வளவு எண்ணெய், எத்தனை முழம் துணி. வருமானத்தையும் 1950களிலும் 60களிலும் சில சுற்றுகளில் கேட்டுப் பார்த்தார்கள். செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிட வருமானம் குறைவாக வந்தது. சரிப்படாது என்று விட்டுவிட்டார்கள். நம் நாட்டின் வறுமைக் கோடு சண்டை எல்லாமே செலவை வைத்து நடப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நான் இருக்கும் பக்கத்துக்கு வருகிறேன். மொராதாபாத் மாவட்டத்தில், சந்தௌசியிலிருந்து 13 கிலோமீட்டரில், ரயில் நிலையத்தோடு பாலன்பூர் என்று ஒரு கிராமம். (குஜராத்தில் வைர வியாபாரிகளுக்குப் பேர்போன பாலன்பூர் வேறு.) பார்க்க எந்த விசேஷமும் கிடையாது. கோதுமை, கரும்பு, எருமை, தூசி. ஆனால் ஒரே கிராமத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் அறுபது வருடம் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. 1957-58லும் 1962-63லும் டெல்லி வேளாண் பொருளாதார ஆய்வு மையம் எடுத்தது. 1974-75ல் கிறிஸ்டோபர் பிளிஸ், நிக்கோலஸ் ஸ்டெர்ன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வந்து கிராமத்திலேயே தங்கினார்கள். (இந்த ஸ்டெர்ன்தான் 2006ல் பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி அறிக்கை கொடுத்துப் பிரபலமானவர்.) 1983-84ல் ழான் த்ரேஸும் நரேஷ் ஷர்மாவும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே குடியிருந்தார்கள். 1993லும், 2008-09லும், 2015லும் மறுபடி.

முதல் கணக்கில் ஊர் ஜனத்தொகை 528. 2008-09ல் 1,255. தாக்கூர், முராவ், ஜாதவ் என்று ஜாதிவாரியாக நிலம் பிரிந்த ஊர், ஜாதவ்கள் அடித்தட்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பருவம் பருவமாகக் கேட்டு எழுதினார்கள். எழுத உட்கார்ந்தால்தான் தெரியும் இதில் உள்ள சிக்கல். வீட்டிலேயே சாப்பிட்ட கோதுமைக்கு என்ன விலை போடுவது, அறுவடை நேரத்து விலையா, வைகாசிக்கு அப்புறம் ஏறிய விலையா? எருமை தின்ற பூசா எனும் வைக்கோலைப் பாதி வரவிலும் பாதி செலவிலும் எழுதுவதா? அடுப்பெரிக்கும் வறட்டி? பட்டாயி, அதாவது பாதி வாரத்துக்கு விட்ட நிலத்தில் விதைச் செலவு யார் பங்கு? வீட்டுப் பெண்கள் எருமை பார்த்த வேலைக்குக் கூலி போடுவதா, வேண்டாமா? பெண் கல்யாணத்துக்கு எருமையை விற்றால் அது வரவா, முதலை எடுத்துத் தின்றதா? இது கேபிடல் ரெசீப்டா ரெவென்யூ ரெசீப்டா என்று காலேஜில் பரீட்சைக்குப் படித்தபோது, ஒரு நாள் எருமை ரூபத்தில் இது எதிரில் வந்து நிற்கும் என்று யார் கண்டது :-)

அதுகூடப் பரவாயில்லை. பாலன்பூர் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் வருடத்தைப் பற்றியது. 1962-63க்கும் 1974-75க்கும் நடுவில் புது ரக கோதுமை வந்தது, பாசனம் கூடியது. அதோடு 1974-75ல் மகசூலும் நன்றாக இருந்தது. வருமானம் குதித்தது. 1983-84 மோசமான மகசூல். கணக்கில் வருமானம் இறங்கி, ஏழைகள் எண்ணிக்கை ஏறிவிட்டது. காகிதத்தை மட்டும் பார்த்தவர், பசுமைப் புரட்சி வந்து பத்தே வருடத்தில் ஊர் பின்னால் போய்விட்டது என்று எழுதியிருப்பார். ஆனால் ஊரில் குடியிருந்தவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு வருட வானிலையை அளந்துவிட்டு அதற்கு வருமானம் என்று பேர் வைத்திருக்கிறோம்!

த்ரேஸும் ஷர்மாவும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஒரு வருடத்துக்கும் மேல் கூடவே இருந்து, யார் வீட்டில் என்ன சாப்பாடு, யார் யாரிடம் கைமாற்று வாங்குகிறார், யாருக்கு எது சொந்தம் என்று பார்த்ததை வைத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் மிக ஏழை முதல் பெரும் பணக்காரர் வரை படிப்படியாகப் பிரித்தார்கள். அந்த வருட வருமானக் கணக்கோடு இது பல இடங்களில் ஒட்டவில்லை. வருமானப்படி ஏழை என்று வந்தவரில் சிலர், அந்த வருடம் பயிர் போன வசதிக்காரர்கள்.

பழைய கிளை மேனேஜர்கள் இதைத்தான் செய்தார்கள். சைக்கிளில் ஊருக்குள் போய், டீ குடித்து, கூரையைப் பார்த்து, மாட்டைப் பார்த்து, கட்டத்தில் ஒரு தொகை எழுதுவார்கள். இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கணக்குகள், மூன்று வருடத்தில் மாற்றல். எனக்குக் கூரை பார்க்க நேரமில்லை, அந்தப் பேச்சுவழக்கு பிடிபடுவதற்குள் வேறு ஊர். செயலியில் பதினைந்து கேள்வி, ஓகே பட்டன்.

வங்கிக்கும் பாலன்பூருக்கும் இன்னொரு தொடுப்பும் உண்டு. 1980ல் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தை (அந்த ஐஆர்டிபி எருமைக் கடன்) மூத்த அதிகாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஏழாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் கிராமத்து வறுமைக் கோடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,400 ரூபாய்; 4,800க்குக் கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. காகிதத்தில் அழகான கோடு. த்ரேஸ் 1990ல் எழுதிய கட்டுரையில் பாலன்பூரில் யாருக்குக் கடன் போனது என்று பார்த்திருக்கிறார். ஏழை அல்லாதவர்கள் தாராளமாக உள்ளே, அடித்தட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியே. குடும்ப வருமானம் என்ற அளவே யாராலும் சரிபார்க்க முடியாதது. சரிபார்க்க முடியாத அளவுகோல், செல்வாக்குள்ளவர் கைக்குத்தான் போகும். இதில் பிரதானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோடு போட்டவர்கள், அளக்க ஒரு வழி சொல்லாமல் போட்டார்கள்.

கால ஓட்டத்தில் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ளும் இன்னொரு முள்: குடும்பம் என்பது எது? ஒரு சூல்ஹா, அதாவது ஒரே அடுப்பில் சமைப்பவர்கள். அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பாகம் பிரிந்து மூன்று அடுப்பு வைத்தால் ஒரு குடும்பம் மூன்றாகிறது. யாரும் ஒரு பைசா இழக்கவில்லை. நடுக் குடும்பத்தின் வருமானம் மட்டும் கீழே இறங்கும். விலைவாசியைக் கழிப்பதற்காவது ஒரு குறியீட்டு எண் இருக்கிறது. அடுப்பு பிரிந்ததைக் கழிக்க எதுவும் இல்லை. அதனால்தான் பாலன்பூர்க்காரர்கள் தலைக்கு எவ்வளவு என்றும் சேர்த்தே பார்த்தார்கள்.

2008-09 கணக்கில் ஊரின் முகமே மாறிவிட்டிருந்தது. செங்கல் சூளை, ரயில்வே யார்டில் மூட்டை ஏற்றுவது, சந்தௌசி பக்கம் பளிங்கு மெருகேற்றும் பட்டறை என்று ஆண்கள் தினமும் வெளியே போய் வருகிறார்கள். ஜாதவ்களிலும் பலருக்கு இந்தக் கதவு திறந்தது. வருமானம் கூடியது, கூடவே ஏற்றத்தாழ்வும் கூடியது. 1917ல் மான் கண்டதும் இதே மாதிரிதானே, வெளியே வேலை கிடைத்த 28 குடும்பம்.

சரி, ஒரு கிராமம் போதுமா? மொராதாபாத் மாவட்டத்துக்கே ஒரு எண் வேண்டுமென்றால்? 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு வீடுவீடாகப் போனது. வருமானத்துக்கு மூன்றே கட்டம்: வீட்டில் அதிகம் சம்பாதிப்பவருக்கு மாதம் 5,000க்குக் கீழ், 5,000 முதல் 10,000 வரை, அதற்கு மேல். நாடு முழுக்கக் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 74க்கும் மேல் முதல் கட்டத்தில் விழுந்தன. நடுவில் நிற்பவரும் அதற்குள்தான். 500 ரூபாயா, 4,900 ரூபாயா? தெரியாது. அத்தனை கோடி வீடுகளின் கதவைத் தட்டி, நடு மனிதரின் பேரைக்கூடக் கேட்காமல் வந்த மாதிரி.

விவசாயக் குடும்பங்களின் நிலைமை பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பு 2002-03ல் மாத வருமானம் 2,115 ரூபாய், செலவு 2,770 என்றது. 2012-13ல் உத்தரப் பிரதேசத்தில் வருமானம் 4,923, செலவு 6,230. துண்டு விழும் தொகையில் எவ்வளவு நிஜமான கடன், எவ்வளவு வாய் வராமல் விழுங்கிய வருமானம்? கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் தினமும் வருகிறது.

நேரடியாக வருமானத்தைக் கேட்டு மீடியன் போட்டவர்கள் என்சிஏஇஆரும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும். 2004-05ல் 41,554 குடும்பங்கள். நாட்டின் நடுக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 27,857 ரூபாய், சராசரியோ 47,804. இந்த இடைவெளியைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிராமத்து நடுக் குடும்பத்துக்கு 22,400. மாதம் 1,867 ரூபாய் விழுகிறது. ஆனால் அது நாடு முழுக்க 1,503 கிராமங்களில் எடுத்த கணக்கு. நாட்டுக்குப் போதும். அதைப் பிய்த்து மொராதாபாத்துக்கு மட்டும் என்று கேட்டால், ஏதோ ஒருசில ஊர்களின் கதையை மாவட்டத்தின் தலையில் வைத்த மாதிரி ஆகும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. 1998ல் வந்த கிசான் கிரெடிட் கார்டில் பயிர்க் கடனுக்கு நாங்கள் வருமானத்தையே பார்ப்பதில்லை. இன்ன பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டக் குழு நிர்ணயித்த தொகையை நிலத்தால் பெருக்கு, வீட்டுச் செலவுக்கும் அறுவடைக்குப் பிந்திய செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதம் கூட்டு, காப்பீட்டைச் சேர், முடிந்தது. நிலம் உள்ளவருக்கு வருமானம் தேவையில்லை. நிலமில்லாமல் பளிங்குப் பட்டறைக்குப் போகும் ஆளின் மனைவி நுண்கடனுக்கு வந்தால்தான் அந்தக் கட்டம் பூதாகாரமாக எழுந்து நிற்கும்.

2025ல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம், சுர்ஜித் பல்லா தலைமையில் நிபுணர் குழு போட்டு, 2026 பிப்ரவரியிலிருந்து நாடு தழுவிய குடும்ப வருமானக் கணக்கெடுப்பு என்று அறிவித்தது. முன்னோட்டம் பார்த்தபோதே பெரும்பாலானவர்கள், இது வெளியில் சொல்கிற விஷயமா என்ற ரீதியில் முகம் சுளித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வித்தாளில் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத்தான் ஆசை: கல்யாணத்துக்காக விற்ற எருமையை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்?